ஓர வரிசைப் புல்

அந்தச் சாக்கின் மேல் கால் வைத்துவிடாதீர்கள் அம்மிணி. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, பஸ்ஸில் இடம் இருக்கிற லட்சணம் அப்படி. உள்ளே புல் கரணை இருக்கிறது, வேரும் மண்ணுமாக. விடியக்காலம்தான் தண்ணீர் தெளித்துக் கட்டினேன். டாக்டரம்மாவுக்குக் கொண்டு போகிறேன். மனுஷ டாக்டர் இல்லை, மாட்டு டாக்டர்.

நீங்கள் எதுவரைக்கும்? அப்படியா, எனக்கு அதற்கு முந்தின ஸ்டாப். பெரிய ஆபீஸ் வந்தால் ஒரு சத்தம் கொடுங்கள். போர்டை எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். நான் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

பதினோரு மணிக்கு விசாரணை. பயந்துவிடாதீர்கள், கொலை இல்லை, கொள்ளை இல்லை. கயிறு. இருபத்து நாலு மாட்டுக் கயிறு. நாச்சம்மாள் கயிற்றைத் திருடிவிட்டாள் என்று கடுதாசி போட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷம் பண்ணையில் சாணி அள்ளின கைக்குக் கயிற்றுத் திருடி என்று பட்டம்.

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் ஊருக்கு வடக்கே அரசாங்க மாட்டுப் பண்ணை இருக்கிறது. பால் பண்ணை என்று எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. மாடு என்ன தின்றால் எவ்வளவு கறி வைக்கும் என்று அங்கே பார்ப்பார்கள். ஆமாம், கறிதான். முகத்தைச் சுளிக்காதீர்கள். எருமைக்குக் கடாக்கன்று பிறந்தால் ஊரில் என்ன செய்கிறோம்? கறக்க உதவாது, டிராக்டர் வந்த பிறகு உழவுக்கும் ஆகாது. தாய்மடியில் வாய் வைக்க விடாமல் இழுத்துக் கட்டி, பத்து நாளில் பட்டினியிலேயே போகவிடுகிறோம். அதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

டாக்டரம்மா சொல்லும்: "பொறந்த உசுருக்கு ஒரு வெலை வந்துட்டா அதைச் சாவ விடமாட்டாவ நாச்சக்கா. அதுக்கு வெலை வர வைக்கணும்."

அந்த அம்மா நாகர்கோவில் பக்கம். பேர் ஜெபசீலி. என் மகள் வயசுதான் இருக்கும். வந்தாவ, போனாவ என்று பேச்சு ஒரு மாதிரி போகும். முதல் மாசம் எங்களுக்குப் பாதி பிடிபடவில்லை. தீவனம் எடை போடுகிற சென்னியப்பன் என்று ஒருத்தன் இருந்தான், வாய் சும்மா இருக்காது. "நாச்சக்கா, டாக்டரம்மா பேசறது எருமைக்கெல்லாம் புரியுதுங்க, நமக்குத்தான் ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது" என்பான். அந்த அம்மாவும் கேட்டுவிட்டுச் சிரிக்கும். அப்படி ஒரு குணம்.

அது ஒரு புல் கொண்டு வந்தது. நம் மேட்டுக் காட்டில் முளைக்குமே கொழுக்கட்டைப் புல், அதில் ஒரு ரகம். எங்கெங்கோ காட்டில் அலைந்து விதை பொறுக்கி, நட்டு, கழித்து, மறுபடி நட்டு, நாலு வருஷம் அதோடேயே கிடந்தது. கல்யாணம் பேசி வந்ததைக்கூட இந்தப் புல் முடியட்டும் என்று தள்ளிப் போட்டது. ஒரு மழை போதும் அந்தப் புல்லுக்கு. ஆறு மாசம் வானம் பார்த்தாலும் அடியில் பச்சை இருக்கும். "இதைத் தின்னு கன்னு எடை வச்சுதுன்னா, கெணறு இல்லாதவனும் நாலு கடா வளப்பான். பண்ணையையும் பெருசாக்குவாவ. அப்ப ஒங்களையெல்லாம் நிரந்தரம் ஆக்கச் சொல்லி மொத ஆளா நான் எழுதுவேன்" என்றது. நாங்கள் பதினாலு பேர் தினக்கூலி. நிரந்தரம் என்ற சொல்லை அதுவரை யாரும் எங்கள் காதில் போட்டதில்லை.

புல்லை எப்படி அளப்பார்கள் தெரியுமா? பாத்தி பாத்தியாகக் கட்டியிருக்கும். நடுவில் இருப்பதை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். சுற்றிலும் ஓர வரிசை ஒன்று ஓடும், அதை எடை போட மாட்டார்கள். ஏனென்று கேட்டேன். "ஓரத்துல நிக்கது வெயிலும் காத்தும் கூடுதலாக் குடிக்கும் அக்கா. அது சரியான அளவு இல்ல. அறுத்து எருக்குழியில போட்டிருங்க" என்றது. அப்படியே மனசில் வைத்துக்கொண்டேன். ஓர வரிசை யாருக்கும் சேராத புல். இதை நீங்களும் மனசில் வையுங்கள், இதுதான் எனக்குச் சாட்சி.

அப்புறம் கன்று வாங்கினார்கள். இருபத்து நாலு எருமைக் கடாக்கன்று, எல்லாம் எலும்பும் தோலுமாக. காதில் நம்பர் குத்தி, பன்னிரண்டுக்குப் பச்சைக் கயிறு, பன்னிரண்டுக்கு வெள்ளைக் கயிறு. பச்சைக் கயிற்றுக்குப் புதுப் புல். வெள்ளைக் கயிற்றுக்கு வெறும் காய்ந்த சோளத்தட்டு. தவிடு புண்ணாக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு, பேருக்குத்தான். ஆறு மாசம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் எடைமேடையில் ஏற்றுவது. கட்டுத்தரை முழுக்க என் பொறுப்பு.

"வெள்ளைக்கு ஏனுங்க புல்லு இல்ல?" என்று கேட்டேன்.

"புல்லு தின்னது எவ்வளவு ஏறிச்சு, திங்காதது எவ்வளவு ஏறிச்சுன்னு பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே அக்கா புல்லுக்க அருமை தெரியும்?"

எனக்குப் புரிந்தது. புரியாமல் என்ன? நாலு தரம் சொன்னது, நாலு தரமும் தலையாட்டினேன்.

ஆனால் அங்கே நிற்பது நான்தானே அம்மிணி. எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் நாலடி நடை. இந்தப் பக்கம் பன்னிரண்டு வாய் பச்சைப் புல்லை நறநறவென்று மெல்லும். அந்தப் பக்கம் பன்னிரண்டு மூஞ்சி கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கும். தட்டை மோந்துவிட்டு என்னைப் பார்க்கும். ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பாதிப் பேருக்குச் சோறு, பாதிப் பேருக்குக் கஞ்சித்தண்ணீர் என்று உங்கள் வீட்டில் போடுவீர்களா? வெள்ளைக் கயிற்றில் ஏழாம் நம்பர் ஒன்று, நெற்றியில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை. நான் சாணி அள்ளக் குனிந்தால் முந்தானையைப் பிடித்துச் சப்பும். சேலையில் புல் வாசனை, அதற்குத்தான்.

அதுவும் எங்கே போகிற உசுரு? ஆறு மாசம் முடிந்தால் இருபத்து நாலும் லாரி ஏறி, கறி அளக்கிற இடத்துக்குப் போகும். போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே வயிற்றைக் காயப் போடுவதா? என்னால் ஆகவில்லை.

விடிவதற்கு முன்னாலேயே போய்விடுவேன். டாக்டரம்மா எட்டு மணிக்குத்தான் வரும். ஓர வரிசையைச் சுற்றி ஒரு கட்டு அறுப்பேன், எருக்குழிக்குப் போகிற புல்தானே. வெள்ளைக் கயிற்றுக்குப் பிரித்துப் போடுவேன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு இன்னொரு கட்டு. தின்ற இடம் தெரியாமல் தின்னும். சாணியை உடனே அள்ளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். டாக்டரம்மா வருகிறபோது கட்டுத்தரை தாம்பாளம் மாதிரி இருக்கும். "நாச்சக்கா இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறது!

புல் தின்ற வயிற்றுக்குத் தட்டு இறங்காது பாருங்கள். தட்டு மிச்சம் கிடக்கும். மறுநாள் காலையில் மிச்சத்தை எடை போட்டு எழுதுவார்கள். நிறைய மிச்சம் கிடந்தால் கன்றுக்கு ஏதோ சீக்கு என்று அந்த அம்மா கலங்கும். அதற்கென்று ஒரு பங்கு தட்டை நானே எடுத்து எருக்குழியில் போட்டுவிடுவேன். அந்த மனசை நோகவிடலாமா?

சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்லும். வேண்டாம் என்று சொன்ன பிறகு செய்தால் அது சொல்மீறுவது. நான் அந்த அம்மா சொல்லை ஒரு நாளும் மீறினதில்லை.

இரண்டாம் மாசத்திலிருந்து வெள்ளைக் கயிறு தேற ஆரம்பித்தது. விலா மூடிற்று, ரோமம் மினுமினுவென்று ஆயிற்று. எடைமேடையில் ஏற்றினால் பச்சைக்குப் பக்கத்திலேயே வருகிறது. எனக்கு மனசு குளிர்ந்தது அம்மிணி. டாக்டரம்மா முகம் மட்டும் ஏனோ வாடிப் போயிற்று. கன்று தேறினால் சந்தோஷப்பட வேண்டாமா? படித்தவர்கள் நினைப்பு எப்படி ஓடுகிறது என்று யார் கண்டது.

எடைமேடை கெட்டுப்போயிற்றோ என்று ஆள் வரவழைத்துப் பார்த்தது. கல் வைத்து நிறுத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சாணியை எடுத்துக்கொண்டு போய்ப் பூச்சி பார்த்தது. தட்டைப் பொடித்து எங்கோ அனுப்பியது. சோளத்தட்டில் என்ன சத்து இருக்கிறது என்று அதையே நாலு தரம் கிண்டியது. சென்னியப்பனைக் கூப்பிட்டு, "தீவன ரூம்ல ஏதாவது கொறஞ்சிருக்கா?" என்று கேட்டது. ஒரு படி தவிடு குறையவில்லை. என்னிடம் கேட்டது, "நாச்சக்கா, பச்சைக்குப் போட்ட புல்லை யாராவது எடுத்துட்டுப் போறாவளா?"

"என் கண்ணுசத்தியமா ஒரு பிடி வெளிய போகலீங்க" என்றேன். போகவில்லைதானே.

ஆறு மாசம் முடிந்தது. பச்சை எழுபது கிலோ ஏறியிருந்தால் வெள்ளை அறுபத்தெட்டு. அன்றைக்கு டாக்டரம்மா புல் வயலில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தது. நான் டீ கொண்டு போனேன். "நாலு வருஷம் நாச்சக்கா. வெறும் தட்டுக்குச் சமானம்னா இந்தப் புல்லு எதுக்கு?" என்றது. கண் கலங்கியிருந்தது. "அப்படிச் சொல்லாதீங்க கண்ணு, அது தங்கமான புல்லுங்க" என்றேன். எனக்குத் தெரியாதா அதன் அருமை? என் கையால் போட்டுப் பார்த்தவள் நான்.

லாரி வந்த நாளைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவன் வேறு கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறு வீட்டில் இருந்தால்தான் கட்டுத்தரை வெறிச்சோடாது, மறுபடி உசுரு வந்து நிற்கும் என்று வழக்கம். உங்கள் பக்கமும் உண்டுதானே? இருபத்து நாலையும் நான்தான் அவிழ்த்தேன். லாரிக்காரன் அவன் கயிற்றைப் போட்டான். ஏழாம் நம்பர் பலகையில் ஏறவே இல்லை, திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தது. ஓர வரிசையில் ஒரு பிடி அறுத்து வந்து முன்னால் காட்டினேன், தின்றுகொண்டே ஏறிப் போய்விட்டது. அதைத்தான் இன்னும் நினைக்கிறேன். என் கையை நம்பி ஏறிற்று.

கயிறு இருபத்து நாலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் தொங்கவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பெரிய ஆபீஸிலிருந்து ஒரு ஐயா வந்தார், சாமான் சரிபார்க்க. கயிறு இல்லை. எங்கே என்றார்கள். என் வீட்டில் இருக்கிறது என்று நானே சொன்னேன். மறைக்கவில்லை. ஜீப்பில் வந்து எடுத்துப் போனார்கள். தெருவே நின்று பார்த்தது.

அந்த ஐயா டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். எனக்குக் காது கூர்மை.

"பாத்தீங்களாம்மா, ரொம்ப சுலபம். கயிறு எடுத்த கை புல்லை எடுக்காதா? பச்சைக் கூட்டத்துப் புல்லை இந்தம்மா வீட்டு மாட்டுக்குக் கொண்டு போயிருக்கு. அதான் எடை ஏறல. அப்படி ஒரு வரி எழுதிக் கொடுங்க. பரிசோதனை கெட்டுப் போச்சுன்னு அடுத்த வருஷம் மறுபடி நடத்திக்கலாம். உங்க புல்லு பொழச்சுக்கும்."

"கயிறு அவங்க ஊரு வழக்கம் சார். புல்லு எடுக்க மாட்டாவ. நாச்சக்கா கைபட்டு ஒரு பிடி தப்பாது."

"அப்ப புல்லு வீணுன்னுதான் எழுதணும். யோசிச்சுக்கோங்க."

நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த அம்மா குரல்: "அப்படியே எழுதிக்கிடுங்க சார். செய்யாத தப்பை அவங்க தலையில நான் எழுத மாட்டேன்."

எனக்காக அம்மிணி! சாணி அள்ளுகிறவளுக்காக! நான் வெளியே நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் டிராக்டர் வந்தது. புல் வயலை உழுது தள்ளிவிட்டார்கள். நாலு வருஷப் புல் அரை நாளில் வேர் மேலே, தலை கீழே. டாக்டரம்மாவை எங்கோ கோழிப் பண்ணைக்கு மாற்றினார்கள். எருமைக் கட்டுத்தரையைப் பூட்டிவிட்டார்கள். பதினாலு பேருக்கும் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தரம் கேட்ட காதில் இது விழுந்தது. ஊரில் கடாக்கன்று பிறந்தால் பழையபடி பத்து நாள்தான். போன வாரம்கூட எதிர்வீட்டில் ஒன்று முனகிக்கொண்டே கிடந்து போய்ச் சேர்ந்தது.

வேலி ஓரம் மட்டும் டிராக்டர் திரும்ப இடமில்லாமல் ஓர வரிசையில் கொஞ்சம் தப்பியிருந்தது. அதைத்தான் பிடுங்கிச் சாக்கில் வைத்திருக்கிறேன்.

இந்த ஓர வரிசைக் கதையை இதுவரை ஒரே ஒருத்தரிடம்தான் சொன்னேன், சென்னியப்பனிடம். அவன் இப்போது செங்கல் சூளைக்குப் போகிறான். விசாரணையில் என்ன பேசலாம் என்று கேட்கப் போனேன். முழுக்கக் கேட்டான். அப்படியே தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அட நாச்சக்கா... அட நாச்சக்கா" என்று அதையே சொன்னான். எழுந்து சூளைக்குள் போனவன் திரும்பி வரவே இல்லை. வாயாடிப் பயல், ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அவனும் அதே கட்டுத்தரையில் நின்றவன்தானே, நமக்குத் தோன்றவில்லையே என்று வெட்கம் போல.

டாக்டரம்மா இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறது, எனக்குச் சாட்சி சொல்ல. நாச்சக்கா நேர்மையானவர் என்று எழுதியே கொண்டுவருகிறதாம், போனில் சொன்னது. நானும் முடிவு பண்ணிவிட்டேன். எடுத்ததாகத்தானே சொல்கிறீர்கள்? நான் எடுக்கிறவள் இல்லை, கொடுக்கிறவள். ஆறு மாசம், தினம் இரண்டு கட்டு, வெள்ளைக் கயிறு பன்னிரண்டும் என் கையால் அந்தப் புல்லைத் தின்றுதான் தேறிற்று. எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போகிறேன்.

என்ன அம்மிணி, கையைப் பிடிக்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், இந்த பஸ் இரைச்சலில்... என்ன, ஓர வரிசையைப் பற்றி அங்கே பேச வேண்டாமா? கயிற்றை மட்டும் பேசிவிட்டு வரச் சொல்கிறீர்களா? அந்த டாக்டரிடம் சொல்லவே வேண்டாமா?

எனக்குத் தெரிகிறது. செய்த நல்லதை நாமே சொல்லிக் காட்டக் கூடாது என்கிறீர்கள். நல்ல வளர்ப்பு உங்களுக்கு. நானும் அப்படித்தான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை எனக்காகத் தன் புல்லையே விட்டுக்கொடுத்தது. நம்பினது வீண் போகவில்லை என்று அதற்குத் தெரிய வேண்டாமா? யார் சொல்வது, என்னை விட்டால்?

இதுதானா ஸ்டாப்? இரப்பா கண்டக்டர், இறங்குகிறேன், வயசானவளை விரட்டாதே. அம்மிணி, அந்தச் சாக்கைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். மெதுவாக, வேர் உதிர்ந்துவிடும். கையை விடுங்கள் தாயி, பஸ் நிற்கிறது. அழுகிறீர்களா என்ன? எனக்காக அழாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்.

அதோ பாருங்கள், கேட்டுக்குப் பக்கத்தில் நீலக் குடை. அதுதான். வெயிலில் எனக்காக நிற்கிறது. உள்ளே போகிற வரைக்கும் எனக்குப் பொறுக்காது. கேட்டிலேயே சொல்லிவிடப் போகிறேன்.